மலைநாட்டு ஏற்றத்துக்கு எந்த எஞ்சின் ஒயில்?

நுவரெலியாப் பக்கம் ஒயில் வாங்கப் போனால் இரண்டு விதமான புத்திமதி கிடைக்கும். "இது குளிர் ஊரு, மெல்லிசா போடுங்க" என்பார் ஒருவர். "ஏத்தம் எறக்கம் உள்ள ஊரு, தடிப்பானதுதான் தாங்கும்" என்பார் அடுத்தவர். இரண்டிலும் பாதி சரி, பாதி பிழை. எது சரி, எது பிழை என்று தெரிந்துகொண்டு காசைக் கொடுப்பது நல்லது.

முதலில் கேனில் இருக்கும் இலக்கங்களைப் பார்ப்போம். 10டபிள்யூ-40 என்று எழுதியிருந்தால், 'டபிள்யூ'வுக்கு முன்னால் இருப்பது குளிரில் எஞ்சினைச் சுழற்ற ஒயில் எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதற்கான தரம். அந்தக் குளிர் நம்முடைய குளிர் இல்லை. 5டபிள்யூவை மைனஸ் 30 பாகை செல்சியஸிலும், 10டபிள்யூவை மைனஸ் 25இலும், 15டபிள்யூவை மைனஸ் 20இலும், 20டபிள்யூவை மைனஸ் 15இலும் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். தை, மாசியில் புல்லில் உறைபனி பூக்கிற நுவரெலியாக் காலையில்கூட வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டித்தான் நிற்கும். அதனால் குளிருக்குப் பயந்து 0டபிள்யூ வாங்கவேண்டிய அவசியம் இந்த நாட்டில் எவருக்கும் கிடையாது. முன் இலக்கம் சிறிதாக இருந்தால் ஒரு நன்மை உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒயில் கேம் ஷாஃப்ட் வரைக்கும் சீக்கிரம் ஏறும். ஐந்து பாகைக் குளிரில் 20டபிள்யூ-50 அவ்வளவு விரைவாக ஏறாது. ஆகவே இரண்டு கேனிலும் பின் இலக்கமும் தரச் சான்றும் ஒன்றாக இருந்தால், முன் இலக்கம் சிறியதை எடுங்கள். முன் இலக்கத்துக்கு அதற்கு மேல் மதிப்புக் கொடுக்கத் தேவையில்லை.

மலையில் பாரத்தைச் சுமப்பது பின் இலக்கம்தான். அது 100 பாகைச் சூட்டில் ஒயிலுக்கு மிஞ்சியிருக்கும் தடிப்பைக் காட்டுகிறது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (தடிப்பை அளக்கும் அலகு), 40 என்றால் 12.5 முதல் 16.3, 50 என்றால் 16.3 முதல் 21.9. கேனின் முன்பக்கத்தில் போடாத இன்னோர் அளவும் இருக்கிறது. 150 பாகையில், பெயரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் நசுங்கும்போது ஒயில் படலம் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்று அளப்பது அது. 20 தர ஒயிலுக்கு அதில் ஆகக் குறைந்தது 2.6 மில்லிபாஸ்கல் செக்கன் இருக்கவேண்டும். 30க்கு 2.9, 10டபிள்யூ-40க்கு 3.5, 15டபிள்யூ-40க்கு 3.7. கொழுந்து மூட்டைகளோடு முதலாம் கியரில் ஏறுகிற வண்டியின் பெயரிங்கைக் காப்பாற்றுவது இந்தச் சின்ன வித்தியாசந்தான்.

கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிற பாதையை எடுங்கள். சுமார் 50 கிலோமீற்றரில் ஏறத்தாழ 1400 மீற்றர் உயரம். வண்டி இரண்டாம் மூன்றாம் கியரில் முனகிக்கொண்டு போகிறது. சுற்று அதிகம், வேகம் குறைவு, எஞ்சினைக் குளிர வைக்க வருகிற காற்றும் குறைவு. வெளியே குளிராக இருக்கலாம், எஞ்சினுக்குள் கொழும்பு மத்தியானத்தைவிட வெக்கை. மேலே ஏற ஏறக் காற்று மெலிகிறது. 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்தளவு இழுவை குறையும், ஓட்டுபவர் இன்னும் அழுத்தி மிதிப்பார். காபரேட்டர் வண்டியில் காற்றுக் குறைந்தாலும் பெற்றோல் குறைவதில்லை. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே ஒயிலில் போய்ச் சேரும். விடியற்காலை சோக் இழுத்துவிட்டு அதைத் தள்ள மறந்தபடியே டவுன் வரைக்கும் ஓடுகிற த்ரீவீல்களின் ஒயிலில் பெற்றோல் மணப்பது இதனால்தான். டிப்ஸ்டிக்கை இழுத்து முகர்ந்து பாருங்கள். மணம் தூக்கலாக இருந்து, ஒயில் மட்டமும் ஏறியிருந்தால் கிலோமீற்றர் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

இறக்கத்தில் வேறு கதை. பெற்றோல் எஞ்சினில் அக்சலேட்டரை விட்டுவிட்டுக் கியரில் இறங்கும்போது இன்டேக் பக்கம் பலத்த உறிஞ்சல் உண்டாகும். வால்வ் சீல் தேய்ந்திருந்தால் ஒயில் அந்த வழியே உள்ளே இழுபட்டு, கீழே வந்து மறுபடி அழுத்தும்போது நீலப் புகையாகக் கக்கும். அதற்காக நியூட்ரலில் இறங்குபவர்கள் இருக்கிறார்கள். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போவதைவிடக் கொஞ்சம் ஒயில் எரிவது எவ்வளவோ மேல். சீலை மாற்றுங்கள், கியரைக் கழற்றாதீர்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் முதல் வார்த்தை வண்டியின் புத்தகத்துடையது. அதில் எந்தெந்தத் தரங்கள் இருக்கின்றனவோ அவற்றுக்குள்தான் தேர்வு. ஜப்பானிலிருந்து வந்த வண்டியில் புத்தகம் ஜப்பானிய மொழியில் இருக்கும், ஆனாலும் இலக்கங்களை வாசிக்கலாம். ஒயில் ஊற்றும் மூடியிலும், சிலவற்றில் பொனட்டுக்கு உள்பக்கத்திலும் தரம் பொறித்திருக்கும். பட்டியலில் இரண்டு மூன்று தரங்கள் இருந்தால், மலைநாட்டில் பாரம் ஏற்றி ஓடும் வண்டிக்கு அவற்றில் பின் இலக்கம் கூடியதை எடுக்கலாம். பட்டியலுக்கு வெளியே போய் எடுக்கக் கூடாது. அதே புத்தகங்களில் மலைப்பாதையில் அடிக்கடி ஏறி இறங்குவதைக் கடும் பாவனை என்று தனியாக வகுத்திருப்பார்கள். ஜப்பானிய டொயோட்டாக்களில் டர்போ இல்லாத பெற்றோல் எஞ்சினுக்குச் சாதாரண பாவனையில் 15,000 கிலோமீற்றர் அல்லது 1 வருடம் என்று போட்டிருந்தால், கடும் பாவனைக்கு அதில் பாதி: 7,500 கிலோமீற்றர் அல்லது 6 மாதம். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ குடியிருக்கும் வண்டிக்குச் சாதாரண பாவனை என்ற பேச்சே இல்லை. சர்வீஸ் ஸ்டேஷனில் ஒட்டிவிடுகிற 5,000 கிலோமீற்றர் ஸ்டிக்கரைக் காசு பிடுங்கும் வேலை என்று சிலர் சொல்வார்கள். இந்தப் பாதைகளில் ஓடும் வண்டிக்கு அது நியாயமான கணக்கு.

இனி வண்டி வண்டியாகப் பார்ப்போம்.

நான்கு ஸ்ட்ரோக் பஜாஜ் த்ரீவீலில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஒயில். கிளட்ச் தட்டுகள் ஒயிலில் ஊறிக்கொண்டு வேலை செய்யும். மூன்று பேரையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக் கல்பாதையில் ஏறுகிற, காற்றில் மட்டும் குளிர்கிற எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 பொருத்தம். இங்கே தடிப்பான ஒயில் பேசுகிறவர் பக்கம்தான் நியாயம். தரத்தோடு ஜாசோ என்ற ஜப்பானியத் தர அமைப்பின் எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற முத்திரையும் இருக்கவேண்டும், அதை விட்டுக்கொடுக்கவே கூடாது. கார் ஒயில்களில் பெற்றோல் மிச்சம் பிடிப்பதற்காக வழுக்குச் சேர்மானங்கள் கலந்திருப்பார்கள். ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று இருந்தால் அந்த வகை. அதைக் கார்க்காரர் மிஞ்சியது என்று கொடுக்க, வாங்கி த்ரீவீலில் ஊற்றினால் ஏற்றத்தில் எஞ்சின் இரையும், வண்டி நகராது. கிளட்ச் வழுக்குகிறது. வண்டி திருத்துகிற பாஸிடம் கொண்டுபோனால் கிளட்ச் தட்டு மாற்றச் சொல்வார். தட்டை மாற்றி அதே ஒயிலை ஊற்றினால் அதே வியாதி திரும்பி வரும்.

இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற பழைய இரண்டு ஸ்ட்ரோக் த்ரீவீலுக்கு 2டி ஒயில் வேறு, கியர் பெட்டி ஒயில் வேறு. பெற்றோலில் கலப்பது 50க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். புகை வருகிறதே என்று ஏற்றத்துக்குப் போகிற வண்டியில் இந்த அளவைக் குறைத்தால் பிஸ்டன் இறுகும். 2டி என்ற பெயரில் சாதாரண எஞ்சின் ஒயிலைக் கலந்தால் பிளக்கிலும் சைலன்சரிலும் கரி அடையும்.

பல்சர், ஸ்பிளென்டர் மாதிரிக் கியர் பைக்குகளுக்கும் ஜாசோ எம்ஏ விதி அப்படியே பொருந்தும். தரம் மட்டும் மொடலுக்கு மொடல் மாறும். ஸ்பிளென்டருக்கு 10டபிள்யூ-30 சொல்லியிருப்பார்கள், மாற்றும்போது சுமார் 0.9 லீற்றர் போகும். பழைய பல்சர்களுக்கு 20டபிள்யூ-50. டியோ போன்ற ஸ்கூட்டரில் கிளட்ச் ஒயிலில் ஊறுவதில்லை, பெல்ட்டோடு தனியாக இருக்கும். அதனால் அவற்றுக்கு வழுக்குச் சேர்மானம் உள்ள 10டபிள்யூ-30 ஜாசோ எம்பி. எம்ஏ போட்டால் ஒன்றும் கெடாது, கொஞ்சம் பெற்றோல் கூடக் குடிக்கும். எம்பியைப் பல்சருக்குப் போட்டால்தான் தொல்லை. ஸ்கூட்டருக்குள் போவது முக்கால் லீற்றருக்கும் குறைவு. அவ்வளவு கொஞ்ச ஒயிலில் 200 மில்லி எரிந்துபோனாலும் பெரிய இழப்பு என்பதால், மாதத்தில் இரண்டு தடவையாவது டிப்ஸ்டிக்கைப் பார்ப்பது அவசியம்.

அக்வா, ப்ரியஸ், வேகன்ஆர் வகையறாக்களுக்கு 0டபிள்யூ-20 என்று எழுதியிருப்பதைப் பார்த்து "தண்ணி மாதிரி இருக்கு, இது மலைக்கு எங்கே தாங்கப்போகுது?" என்று 20டபிள்யூ-50 ஊற்றிக் கொடுக்கும் கராஜ்கள் இருக்கின்றன. இந்த எஞ்சின்களின் பெயரிங் இடைவெளி, ஒயில் பம்ப், வால்வ் நேரத்தை மாற்றுகிற விவிடி எல்லாம் மெல்லிய ஒயிலைக் கணக்கில் வைத்துச் செய்தவை. தடித்த ஒயிலில் விவிடி தாமதமாக வேலை செய்யும், ஐட்லிங் குலுங்கும், சில வேளை செக் எஞ்சின் விளக்கும் எரியும். அதோடு ஹைபிரிட் எஞ்சின் ஒரு பயணத்தில் எத்தனையோ தடவை நின்று நின்று ஓடுவது. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் ஒயில் சட்டென்று மேலே போகவேண்டும். புத்தகம் 5டபிள்யூ-30க்கும் இடம் கொடுத்திருந்தால், அடிக்கடி மலையேறும் அக்வாவுக்கு அதைப் போடுவதை ஆதரிப்பேன். அதற்கு மேல் போகவேண்டாம். ஃபில்டரோடு மாற்றினால் 1.5 லீற்றர் அக்வா எஞ்சினுக்கு 3.7 லீற்றர். 4 லீற்றர் கேனில் மிஞ்சுவதையும் சேர்த்து ஊற்றிவிடாதீர்கள். ஒரு இடைச்செருகல்: நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது ஹைபிரிட் பெட்டரி நிரம்பியதும் எஞ்சின் தானாகவே உரத்துச் சுழலும். எரிபொருள் இல்லாமல் எஞ்சின் பிரேக்குக்காகச் சுழல்வது அது. ஒயில் கோளாறு என்று பயந்து கராஜுக்கு ஓடவேண்டாம்.

டீசலில் எழுத்துகளைக் கவனிக்கவேண்டும். டவுன்ஏஸ், பழைய டொல்ஃபின், எல்ஃப், கேன்டர், டிமோ பட்டா எல்லாவற்றுக்கும் 15டபிள்யூ-40, ஏபிஐ சிஐ-4 என்றால் பெரும்பாலும் சரியாக இருக்கும், புத்தகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சிஐ-4க்குப் பிறகு சிஜே-4, சிகே-4 என்று புதிய தரங்கள் வந்துவிட்டன. புதிய எழுத்து என்றால் எப்போதும் மேல் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவேண்டாம். கந்தகம் மிகக் குறைந்த டீசலையும் புகைக் குழாயில் வடிகட்டி உள்ள எஞ்சினையும் மனதில் வைத்து வந்தவை அவை. சாம்பல் குறைய வேண்டும் என்பதால் அமிலத்தை முறிக்கும் காரச் சேர்மானத்திலும் கட்டுப்பாடு உண்டு. நம் ஷெட்களில் ஓட்டோ டீசலில் சூப்பர் டீசலைவிடக் கந்தகம் அதிகம், எரியும்போது அது அமிலமாகும். ஓட்டோ டீசலில் ஓடும் பழைய லொறிக்கு நல்ல சிஐ-4 ஒயிலே பொருத்தமானது, நேரத்துக்கு மாற்றவேண்டும், அவ்வளவுதான். டீசல் ஒயில் ஊற்றிய மறுநாளே கறுப்பதைக் கண்டு போலி என்று சண்டைக்குப் போகவேண்டாம். கரியைத் தன்னோடு தூக்கி வைத்துக்கொள்வது அதன் வேலை.

புகைக் குழாயில் வடிகட்டி உள்ள கேடிஎச் (டொயோட்டா ஹையேஸ்) வான்களுக்கு இது நேர் மாறு. அவற்றுக்கு ஜாசோ டிஎல்-1 போன்ற சாம்பல் குறைந்த ஒயில்தான். சிஐ-4 ஊற்றி ஓடினால் அதன் சாம்பல் வடிகட்டியை அடைக்கும், அந்தச் சாம்பலை எந்தச் சூட்டாலும் எரிக்க முடியாது. வடிகட்டியின் விலை எத்தனை வருட ஒயிலுக்குச் சமம் என்பது ஒருமுறை மாற்றியவர்களுக்குத் தெரியும்.

கியர் ஒயிலில் 90 என்று இருப்பதைப் பார்த்து எஞ்சின் ஒயில் 50ஐவிட இரு மடங்கு தடிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அது வேறு அளவுகோல். கியர் ஒயில் 90, எஞ்சின் ஒயில் 40 அல்லது 50 அளவுதான் தடிப்பு. ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றலாம் என்று அர்த்தமில்லை.

தேய்ந்த எஞ்சினுக்குத் தடித்த ஒயில் போடும் விஷயம் அடிக்கடி வரும். டொயோட்டாவின் பழைய 2சி டீசல் எஞ்சின் புகைக்கிறது, ஆயிரம் கிலோமீற்றருக்குள் அரை லீற்றர் எரிக்கிறது என்றால், புத்தகம் அனுமதித்தால் ஒரு படி கூட்டி 20டபிள்யூ-50 போடலாம். ஒயில் எரிவது குறையும், எரிந்துகொண்டிருந்த ஒயில் அழுத்த விளக்கு அணையும், ஆனால் ரிங் புதிதாகிவிடாது. ஓவர்ஹோல் செய்யும் காசு சேரும் வரைக்கும் கால அவகாசம் வாங்குகிற வேலை என்று தெரிந்து செய்தால் தப்பில்லை. அந்த வண்டிக்கு விலை கூடிய சிந்தெடிக் வாங்கி எரித்துத் தள்ளுவதும் வீண். சிந்தெடிக்கின் பலன் சூட்டைத் தாங்குவதிலும் ஆவியாகாமல் இருப்பதிலும். டர்போ உள்ள, நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினுக்கு அது காசுக்குப் பெறுமதி. மினரல் ஒயிலை நேரத்துக்கு மாற்றுகிறவர், சிந்தெடிக்கைப் போட்டு 15,000 வரைக்கும் இழுப்பவரைவிடப் புத்திசாலி.

இந்த ஊரில் ஒயில் மட்டம் பார்ப்பதே ஒரு வேலை, சமதரை கிடைக்காது. லயத்துக்கு முன்னால், வாசல் பாதையில், கடை ஓரத்தில் எங்கே நிறுத்தினாலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். சரிவில் பார்த்த டிப்ஸ்டிக் பொய் சொல்லும். மூக்கு மேலே நிற்கும்போது குறைவாகக் காட்டினால், வண்டியைத் திருப்பி நிறுத்தினால் கூடக் காட்டலாம். பெற்றோல் ஷெட், கோயில் முற்றம், தொழிற்சாலைத் தரை என்று ஒரு சமதரையை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டு, குச்சியைத் துடைத்து, முழுவதும் செருகி எடுத்துப் பாருங்கள். சைட் கிளாஸ் உள்ள பைக்கை நேராகப் பிடித்துக்கொண்டுதான் பார்க்கவேண்டும், சைட் ஸ்டாண்டில் வைத்து அல்ல. சிறிய கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையில் பெரும்பாலும் 1 லீற்றரை ஒட்டிய அளவு இருக்கும். சமவெளியில் கீழ்க்கோட்டில் ஓடுகிறவர் தப்பிக்கலாம். றம்பொடைக் கொண்டை ஊசி வளைவில் வண்டி நிமிர்ந்து சாயும்போது ஒயில் ஒரு மூலைக்கு ஓடிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும், சிவப்பு விளக்கு ஒரு கணம் மின்னி அணையும். அந்த ஒரு கண மின்னலை அலட்சியம் செய்தால் பெயரிங் போய்விடும். ஆகவே மலையில் மட்டத்தை மேல்கோட்டை ஒட்டியே வைத்திருங்கள், மேல்கோட்டைத் தாண்டவும் விடாதீர்கள். தாண்டினால் கிராங்க் ஒயிலில் அடித்து நுரைக்கும். டீசலில் அந்த ஒயில் பிரீதர் வழியாக இன்டேக்குக்குப் போய், சாவியைத் திருகினாலும் நிற்காமல் எஞ்சின் பாய்ந்து ஓடக்கூடும்.

மாற்றும்போது எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கட்டும். வடிகால் போல்ட்டைக் கழற்றி ஒழுக்குச் சொட்டாகும் வரைக்கும் விடுங்கள். போல்ட்டின் வொஷரைப் புதிதாகப் போடுங்கள், பழையது நசுங்கிய பிறகு ஒழுகும், ஒழுக்கை நிறுத்த இறுக்க இறுக்கச் சம்ப்பின் மரை கழன்றுபோகும். மேலே சொன்ன அக்வாவின் 1.5 லீற்றர் எஞ்சினுக்கு 37–38 நியூட்டன் மீற்றர்தான் இறுக்கம், நீளமான குழாய் போட்டு இறுக்குகிற வேலை அல்ல. புதிய ஃபில்டரின் ரப்பரில் விரலால் ஒயில் தடவி, கையால் உட்கார வைத்து, அதற்குப் பிறகு முக்கால் சுற்று. பழைய ஃபில்டரின் ரப்பர் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ரப்பர் சேர்ந்துவிட்டால் ஒயில் முழுவதும் ரோட்டில். அளவில் ஒரு கால் லீற்றர் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, குச்சியைப் பார்த்து மிச்சத்தைச் சேருங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே மிஞ்சுகிற மண்ணெண்ணெய் புது ஒயிலை மெலிய வைக்கும், அடியில் கிடந்த கசடு கிளம்பி ஸ்ட்ரெய்னரை அடைக்கும். கசடு படிந்த எஞ்சினுக்கு நல்ல ஒயிலைப் போட்டு 1,500 கிலோமீற்றரில் ஒரு தடவை மாற்றினால் பக்குவமாகக் கழுவுப்படும்.

மூடியைத் திறந்தால் உள்ளே வெண்ணெய் மாதிரி வெளிறிய பசை இருக்கிறதா? லிந்துலை, அக்கரப்பத்தனை போன்ற குளிர் ஊர்களில் இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓட்டத்தோடு நிற்கும் வண்டிகளில் இது வழக்கம். எஞ்சின் சூடேறுமுன்பே நிற்பதால் ஈரம் ஆவியாகாமல் ஒயிலோடு கலக்கிறது. ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை, டிப்ஸ்டிக்கில் ஒயில் தெளிவாக இருக்கிறது என்றால் வாரத்தில் ஒருநாள் நீளமாக அரைமணி நேரம் ஓட்டுங்கள், போய்விடும். தண்ணீரும் குறைந்து, குச்சியிலும் பால்தேத்தண்ணி நிறம் வந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கவேண்டும். அப்போது எந்த ஒயில் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வாங்கும் இடம் முக்கியம். பீப்பாயிலிருந்து அளந்து தருகிற ஒயிலில் கேன் இல்லை, முத்திரை இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. பெயர்பெற்ற கம்பனிகளின் வெறும் கேன்களில் வேறு ஒயிலை அடைத்து விற்பது நடக்கிறது. மூடியின் வளையம் முழுசாக இருக்கிறதா, வாயில் ஒட்டிய ஃபொயில் ஒழுங்காக இருக்கிறதா, தயாரித்த திகதியும் தொகுதி இலக்கமும் தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கடையையும்விட ஒரு கடையில் மட்டும் நிறைய மலிவாக இருந்தால் ஏன் என்று யோசிக்கவேண்டும். சர்வீஸ் ஸ்டேஷனில் உங்கள் கண் முன்னே கேனைத் திறக்கச் சொல்லுங்கள். வெறும் கேனைக் கையோடு எடுத்து, அடியை வெட்டிவிட்டு எறியுங்கள்.

பழைய ஒயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து, அதைச் சேகரிக்கிற சர்வீஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். கானில் ஊற்றினால் அது ஓடைக்குப் போகும். டிக்கோயா, மஸ்கெலியா ஓடைகள் களனி கங்கைக்கும், நானுஓயா, கொத்மலைப் பக்கத்து ஓடைகள் மகாவலிக்கும் போய்ச் சேருபவை. வேலிக் கட்டைக்குக் கறையான் வராமல் பூசுகிற பழக்கம் உள்ளவர்கள், மரக்கறிப் பாத்தியிலிருந்தும் பீலித் தண்ணீரிலிருந்தும் தள்ளி நிற்கிற கட்டைக்கு மட்டும் பூசுங்கள்.